கண்ணை மூடிப் போட்ட பூட்ஸ்

டிரோல் மலைக் கிராமத்துத் தீயணைப்புக் கூடத்தில், அன்று பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை. விரலை நெரித்த தன் பூட்ஸைக் காலையிலேயே விற்பனைக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வேறு பூட்ஸ் தேடி வந்தாள் நோட்புர்கா. ஏழு ஜோடி போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று லொடலொடத்தது, ஒன்று குதிகாலைக் கடித்தது, ஆசைப்பட்ட நீல ஜோடியோ விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

"நீங்க கலரப் பாத்துத் தேடுறீங்கக்கா," என்றான் விற்பனை மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த கோர்பினியன். "மொதல்ல ஒண்ணு மேல ஒண்ணா போட்டிருக்குற அந்த ரெண்டு கம்பளி சாக்ஸையும் கழட்டுங்க. மெல்லிசா ஒண்ணு போதும்."

"குளிருமேடா."

"இறுக்கினாத்தான் குளிரும். இப்ப கண்ண மூடுங்க."

சாக்ஸை மாற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் நீட்டிய பூட்ஸுக்குள் கால் வழுக்கிக்கொண்டு போனது. அவன் கொக்கிகளை மாட்டினான். நிமிர்ந்து நின்றபோது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டது. முழங்காலை மடக்கியதும் விலகிக்கொண்டது. குதிகால் இம்மியும் அசையவில்லை.

"இதுதான்டா. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. எவ்வளவு?"

"எண்பது யூரோ."

"பழசுக்கா? எந்தப் பேராசை புடிச்சவ போட்ட விலை இது? அறுபதுக்குக் கேளு."

"நீங்களே கேளுங்க. கண்ணத் திறங்க."

காலையில் அவள் கொடுத்த அதே சிவப்பு பூட்ஸ். விலைச்சீட்டில் அவள் கையெழுத்து.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். நோட்புர்கா அசரவில்லை. முழங்காலை இன்னொரு தரம் மடக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல பூட்ஸுக்கு எண்பது கம்மிதான்," என்றாள்.