கூடத்தில் திரும்பி உட்கார்ந்தவர்கள்

“வேண்டாம்னா வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் போனைச் சோபாவில் எறிந்தாள். அம்மா வேலை பார்த்த விடுதியின் மேலாளர் கேட்பது இது இரண்டாவது தடவை. பிள்ளைகள் அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம், கூட்டி வரட்டுமா என்று. இத்தனை வருஷம் அம்மாவை அங்கேயே வைத்துக்கொண்டது போதாதா? இன்று ஒரு மத்தியானம், அதுவும் சுடுகாட்டு வண்டி வருகிற வரைக்கும்தான். அதையாவது பெற்ற மகளுக்கு விடக்கூடாதா?

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். பட்டப்பகலில் அம்மா படுத்திருப்பது மகளுக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் ராத்திரி வார்டன் வேலை. இருட்டுகிற நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், விடிந்ததும் வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் பேச்செல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். ரொட்டியைத் தலையணைக்கு அடியில் பதுக்குகிறவன், புதிதாக வந்தவனுக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தானாம். தொட்டவர்களையெல்லாம் கடிக்கிற ஒருத்தன், இப்போது கடிக்கணும்போல வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறானாம். வந்த புதிதில் வாயே திறக்காத, கடுகு என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், தனியாகக் கடைக்குப் போய், அழுகின தக்காளியை மாற்றிக் கொடுங்கள் என்று நின்று வாங்கி வந்தாளாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, என்னவோ ராஜ்ஜியத்தைப் பிடித்துவிட்ட மாதிரி.

பெற்ற மகள் பள்ளி மேடையில் பேசிப் பரிசு வாங்கிய அன்று, அதே அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். கைதட்டலுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

நாற்காலி, டீ, வண்டி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அவள் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு நல்லாச் சொன்னே என்றார். அதுங்களை உள்ளே விட்டால் அப்புறம் நாலு பொருள் காணாமல் போகும் என்றும் சொன்னார். அவர் தன் பக்கம்தான் பேசுகிறார் என்று தெரிந்தும், ஏனோ அவளுக்குச் சுருக்கென்றது.

டீ டம்ளர்களைக்கூட இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் வாசலில் சலசலப்பு. எட்டிப் பார்த்தாள். தெருவில் இரண்டு வரிசையாக, கை கோத்துக்கொண்டு, ஒரு கூட்டம் பிள்ளைகள் நடந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தவர் விடுதியின் சமையல்காரர்.

“நிறுத்திப் பாத்தேன்மா. கேட்டாத்தானே. பாதி வழியில விட்டுட்டா போக முடியும், நானும் நடந்துட்டேன்” என்றார் அவர்.

முன்னால் வந்த ஒல்லிப் பெண் வாசற்படியில் நின்றாள். யாரும் சொல்லாமலே இது கடுகு என்று தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்ததே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா, உள்ள வரலாமா?”

கெஞ்சவில்லை, அழவில்லை. கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் சரி என்பதுபோல நின்றாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் மகளின் வாயையே பார்த்தார்கள்.

“பாத்துட்டு உடனே கிளம்பிடணும்.”

உள்ளே வந்தார்கள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமல், பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கூடம் முணுமுணுத்தது. மாமாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்.

“செத்தவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காருதுங்க பாரு. சோறு போட்டு வளத்தவளுக்கு இதான் மரியாதையா? எந்திரிங்கடா.” பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்து இழுத்தார்.

இழுபட்ட பையனுக்கு முகம் வெளிறியது. தாடை இறுகியது. மாமாவின் மணிக்கட்டையே வெறித்துப் பார்த்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“எனக்கு. தண்ணி. வேணும்.”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கூடத்துப் பெரியவர்களில், அம்மா சொல்லிக் கேட்டிருந்த அவளுக்கு மட்டும் புரிந்தது.

“கைய எடுங்க மாமா” என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. “எடுங்கன்னு சொல்றேன்ல.”

சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்காமலே திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தான்.

கடுகு எழுந்து மாமாவிடம் போனாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மரியாதை இல்லாம உக்காரல சார். விடுதிக்குப் புதுசா வர்ற புள்ளைக்குத் தூக்கம் வராது, பயமா இருக்கும். அப்ப அம்மா பக்கத்துல வந்து இப்படித்தான் உக்காருவாங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு. யாராவது பாத்தா அழ வராதுல்ல. பாக்கமாட்டாங்க, ஆனா தூங்குற வரைக்கும் எந்திரிச்சும் போகமாட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “இன்னைக்கு அம்மாதானே புதுசாப் போறாங்க.”

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

பெற்ற மகளுக்குக் கோபம் பொங்கியது. மாமா மேல் இல்லை, இந்தப் பிள்ளைகள் மேலும் இல்லை, கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருக்கிறவள் மேல். அவளுக்குத் தெரிந்த அம்மாவின் முதுகு ஒன்றே ஒன்றுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பி மறைகிற முதுகு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் அதைப் பார்த்திருக்கிறாள்.

“உங்களுக்கும் அப்படித்தானேக்கா உக்காருவாங்க?” என்றாள் கடுகு. சும்மாதான் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கூடம் முழுக்கச் சொந்தபந்தம், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“இல்ல” என்றாள். “ஒரு நாள்கூட இல்ல.”

கடுகு ஐயோ பாவம் என்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை. வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்ட அதே முகத்தோடு அவளையே பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கு நாங்க உக்காரட்டுமா?”

தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. தூக்குவதற்கு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நேரமாகுது என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க மாமா.”

அவள் பெட்டியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து அவளையும் சேர்த்து வளைத்து உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் சின்னச் சின்ன முதுகுகள். ஒருவனின் சட்டையில், கழுத்துப் பட்டையில் இருந்த துணிச்சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை.

வெளியே மாமா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. சற்று நேரத்தில் இன்ஜின் அணைந்தது.