மச்சானுக்கு ஒரு கிண்ணம்

புளிப்பாக ஏதாவது சாப்பிட்டால் ஏன்ப்பா எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்க என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள், அதற்கு என்ன பதில் சொன்னோம் என்று எவ்வளவு யோசித்தும் லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வரவில்லை, கேள்வி மட்டும் காலையிலிருந்து ஈ மாதிரி காதைச் சுற்றிச் சுற்றி வருகிறது... ஏனென்றால் காலையில்தான் மச்சானிடம் ஒரு எலுமிச்சைத் துண்டை நீட்டினார், புண்ணெல்லாம் ஆறிவிட்டது, புளிப்பு கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன தைரியத்தில், சும்மா நாக்கில் வைத்துப் பாருங்க மச்சான் என்று. மச்சானும் வைத்துக்கொண்டார், சப்பினார், கண்ணை மூடவில்லை, ஓர் இமைகூட அசையவில்லை, ஜன்னலுக்கு வெளியே சாந்தமாகப் பார்த்தபடி, "நல்லா இருக்கு மாப்ளே" என்றார். எலுமிச்சம்பழத்தைப் போய் நல்லா இருக்கு என்று யாராவது சொல்வார்களா? அப்படியானால் முந்தாநாள் சூப்பை நல்லா இருக்கு என்றது, நேற்று கஸ்டர்டை நல்லா இருக்கு என்றது, அதெல்லாம் என்ன? நாக்கில் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து இரண்டு மாதமாகிறது, மனைவியின் அண்ணன், தனிக்கட்டை, வேறு எங்கே போவார், இவர்கள் வீட்டுச் சின்ன அறையில்தான் இருக்கிறார், மூக்கு வழியாகப் போட்டிருந்த ட்யூபை எடுத்தாயிற்று, வாயால் சாப்பிடலாம், சாப்பிடவும்தான் செய்கிறார், எல்லாமே நல்லா இருக்கிறது, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. திங்கட்கிழமையும் இறங்கியிருந்தால் ட்யூபைத் திரும்ப வெச்சிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார், வெச்சிடலாம், ஏதோ பூச்செடி வைப்பது மாதிரி. வெளியே வந்து வண்டியில் ஏறும்போது மச்சான் அந்த ஒரு பக்கம் இழுத்த பேச்சில், "இன்னொரு தடவ அது வேணாம் மாப்ளே, அதுக்கு என்னை விட்டுடுங்க" என்றார். விட்டுடுங்க என்றால் என்ன அர்த்தம்? எங்கே விடுவது?

அதனால்தான் இந்த மதியம், லீவு போட்டுவிட்டு, மனைவி வேலைக்குப் போன வீட்டில், முப்பது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்த்து ஸ்பேனர் பிடித்த கையில் கரண்டியோடு நிற்கிறார். மகள்தான் போனில் சொன்னாள், ஐஸ்கிரீம் வேண்டாம்ப்பா, அதில் பாதி காற்றுதான், ஜெலாட்டோ பண்ணுங்க, அது அடர்த்தியாக, வழவழவென்று இருக்கும், மாமாவுக்குத் தன்னால் இறங்கும், ஆரஞ்சு போடுங்க, மாமாவுக்கு உயிராச்சே. என்ன ஆட்டம் என்று இவர் கேட்க, ஆட்டமெல்லாம் இல்லப்பா, ஜெ-லா-ட்-டோ என்று அவள் எழுத்துக்கூட்ட, இவர் போய் மச்சானிடம் அறிவித்தபோது மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "லிஃப்ட்காரர் ஐஸ் செஞ்சா பாதியில நின்னுடும் மாப்ளே" என்றார், ரொம்ப நாளுக்கப்புறம் ஒரு கிண்டல், அதைக் கேட்டு இவருக்கு மனசு குளிர்ந்ததில் பாலைக் குளிரவைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்... அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலிலேயே சாற்றை ஊற்றினார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் திரிந்து தண்ணீர் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம்... கட்டி. அந்த வார்த்தையை இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை, தானாகவே நின்றுவிட்டது. கட்டித் தயிர் வெறும் தயிராகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் வெளியே எடுத்து முள்கரண்டியால் கிளறிவிடுங்க, இல்லாவிட்டால் ஐஸ்க... என்று மகளும் பாதியில் நிறுத்திக்கொண்டாள், இவரும் சரிம்மா என்றார், அவ்வளவுதான், ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக இரண்டு பேரும் கைகோத்துக்கொண்ட மாதிரி.

இரண்டாவது பாலில் புத்தி வந்தது. சர்க்கரையும் கரைத்த சோளமாவும் விட்டு, கொஞ்சம் க்ரீம் சேர்த்து, கெட்டிப்பட்டதும் இறக்கி, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து ஆறவிட்டார், ஆரஞ்சுத் தோலை மேலாகச் சீவிப் போட்டார், மேலாக மட்டும், உள்ளே வெள்ளை வந்துவிட்டால் கசக்கும், நன்றாக ஆறியபின்தான் சாறு. தோல் சீவக் கை தயங்கவில்லை, அது மச்சானின் ஜூஸ் கடையில் பழகிய கை... அதை இப்போது யோசிக்க வேண்டாம். இனிப்பு சரியா? சூடாக இருக்கும்போது திகட்ட வேண்டும், குளிர்ந்தால் இனிப்பு பாதிதான் தெரியும் என்றாள் மகள். திகட்டுகிறதா? ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, உறைய வைத்து எடுத்து மறுபடி ஒரு கரண்டி, இப்போது நாக்கு மரத்துப்போய் இனிப்பா புளிப்பா எதுவும் தெரியவில்லை, வாய்க்குள் குளிர் மட்டும் இருக்கிறது, யாருடையதோ நாக்கு மாதிரி. மச்சானுக்கு எப்போதும் இப்படித்தானா? யாரைக் கேட்பது? மச்சானைக் கேட்டால் ஒரே பதில். லிஃப்டில் கோளாறு என்றால் பலகையில் ஓர் எண் எரியும், இன்ன எண்ணுக்கு இன்ன கோளாறு, மனுஷனுக்கு அப்படி எதுவும் எரிவதில்லை, நல்லா இருக்கு என்ற ஒரே விளக்குதான், அது கெட்டுப்போன பிறகும் எரிந்துகொண்டிருக்கிறது. கடவுளே, ஒரு கிண்ணம், அந்த மனுஷன் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் போதும், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை... பெரிதாகக் கேட்கவில்லை என்று சொல்வதே ஒரு பேரம்தானோ?

பிழிந்த தோலையெல்லாம் கொட்டக் குப்பைக்கூடையைத் திறந்தபோதுதான் அந்தப் பை. சின்னது, கழுத்தை இறுக்கி முடிச்சுப் போட்டது, இவர் வீட்டில் யாரும் அப்படி முடிச்சுப் போடுவதில்லை, ஜூஸ் பார்சல் கட்டுகிறவர் போடும் முடிச்சு அது. பிரிக்காமலே தெரிந்தது, மஞ்சளாக, காலையில் மனைவி விடியுமுன் எழுந்து கிளறிய கஸ்டர்ட், முழுசாக. அதன் கீழே இன்னொரு பை, நேற்று ராத்திரி சூப்பில் ஊறவைத்த ரொட்டி. லிஃப்ட்காரர் கூடையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம்தான் வந்தது, வந்ததை ஏன் மறைக்க வேண்டும், அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தது, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கிண்ணம் காலியாக இருந்தது, அண்ணன் பூராவும் சாப்பிட்டார் என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனாளே. அப்புறம் பயம், திங்கட்கிழமை. போனை எடுத்தார், மனைவியின் எண்ணைத் தொட்டார், மணி அடிக்குமுன் வைத்துவிட்டார். ஏன் வைத்தோம்? சொல்ல வேண்டியதுதானே? உயிர் விஷயம் இல்லையா? சொன்னால் என்ன செய்வாள், அழுவாள், ஓடி வருவாள், பக்கத்தில் உட்கார்ந்து அண்ணா இன்னொரு வாய், அண்ணா இன்னொரு வாய் என்று... அப்போதும் அவர் நல்லா இருக்கு என்பார்.

அன்றைக்கு மச்சான் சொல்லவில்லையே. அதுதான் கையைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமான முதல் வருஷம், வேலை பார்த்த கம்பெனியை ஒரு நாள் திடீரென்று மூடிவிட்டார்கள், புது மனைவியிடம் அதைச் சொல்ல வாய் வராமல் தினமும் காலையில் டூல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சாயங்காலம் களைத்த மாதிரி வீடு திரும்புவார், நடிப்புக்காகக் கொஞ்சம் கிரீஸைக்கூடப் பூசிக்கொண்டதுண்டு. அந்த பெஞ்சில்தான் மச்சான் பார்த்தார். ஏன் இங்கே என்று கேட்கவில்லை. கடையில் ஆரஞ்சு உரிக்க ஆள் இல்லை மாப்ளே, சும்மாதானே இருக்கீங்க, வாங்க என்றார், அவ்வளவுதான், வேறு வேலை கிடைக்கும் வரை கடையின் பின்னறையில் பெட்டி பெட்டியாக உரித்தார். தங்கைக்கு ஒரு வார்த்தை போகவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நன்றி சொல்ல இவர் ஒருமுறை தொண்டையைச் செருமியபோது, "மாப்ளே, இந்த வருஷம் ஆரஞ்சு கொட்டையே இல்லாம வருது, கவனிச்சீங்களா" என்று பேச்சைப் பழத்துக்குள் திருப்பிவிட்டார். ஆனால் ஒன்று, ஒன்றே ஒன்று மட்டும் இத்தனை வருஷமாக முள்ளாக... மதியம் சாப்பாட்டு டப்பாவை மச்சான் இவர் முன்னால் திறந்து வைத்ததும், நீங்க ஆரம்பிங்க, கடையில ஆள் வந்திருக்கு என்று முன்பக்கம் போய்விடுவார், இவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை திரும்பமாட்டார், தினமும், ஒரு நாள்கூடச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. வேலையில்லாதவனோடு உட்கார்ந்து சாப்பிட அவ்வளவு கேவலமா? அவ்வளவு செய்த மனுஷன் அதை மட்டும் ஏன் அப்படிச் செய்தார்? தாங்கிப் பிடித்த கையே தள்ளியும் வைக்குமா? விளங்கவே இல்லை, கேட்கவும் இல்லை.

பைகளைக் கூடையோடு எடுத்துக்கொண்டு இறங்கி வாசல் பக்கத்துப் பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார், மனைவி பார்க்க வேண்டாம். இது தயவா, பொய்யா? படியேறும்போது தயவு மாதிரி இருந்தது, கதவைத் திறக்கும்போது பொய் மாதிரி இருந்தது. ஃப்ரீஸரைத் திறந்து கிளறினார், ஓரத்தில் உறைந்ததை நடுவுக்கு, நடுவில் இருந்ததை ஓரத்துக்கு, இப்போது கரண்டிக்கு ஒரு கனம் வந்திருக்கிறது, ஆரஞ்சு நிறம் வெளுத்து, பட்டுப்போல. சரி, நேராகக் கேட்டுவிடுவோம், மச்சான், எல்லாம் தெரியும், என்ன பிரச்சினை சொல்லுங்க என்று, ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், இதிலென்ன... சின்ன அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. மச்சான் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் தோளில் கிடக்கும் துண்டை மோவாய்க்குக் கீழே கைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு மடக்கு... அது கடைவாய் வழியாக வழிந்து துண்டில் இறங்கியது. துடைத்தார். மறுபடி. தொண்டையில் களக் என்று ஒரு சத்தம், நாய் நக்குகிற மாதிரி, கேட்கக்கூடாத ஒரு சத்தம், அதைத் தானே கேட்டுவிட்ட மாதிரி மச்சான் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தார். அப்புறம் மறுபடி. இந்தத் தடவை இறங்கியது. லிஃப்ட்காரர் ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்து சமையலறைக்கே வந்துவிட்டார், முகம் சுட்டது, குளிக்கிறவரைப் பார்த்துவிட்ட மாதிரி. ட்யூபை எடுத்ததிலிருந்து அந்த வாயை நாங்கள் எப்படிப் பார்த்தோம்? எதிரில் மனைவி, பக்கத்தில் நான், போனில் மகள், எல்லாரும் கண்ணெடுக்காமல், லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் மேலே எரியும் எண்ணைப் பார்ப்பது மாதிரி, இறங்குதா, இறங்குதா என்று... பாசம்தான், பாசமில்லை என்று யார் சொன்னது, ஆனால் பாசத்துக்கும் கண் இருக்கிறதே, அந்தக் கண் முன்னால் எப்படி வழியவிடுவார், ஒரு காலத்தில் கடை வாசலில் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு படாமல் நாள் பூராவும் ஜூஸ் ஊற்றிய மனுஷன்?

கிண்ணத்தில் மூன்று கரண்டி எடுத்துவைத்தார். கதவைத் தட்டினார், வீட்டுக்குள்ளேயே, இத்தனை நாளில் முதல்முறையாக. உள்ளே துண்டு அவசரமாகத் தோளுக்கு ஏறும் சத்தம் கேட்கும் வரை நின்றுவிட்டுப் போனார். கிண்ணத்தையும் கரண்டியையும் ஸ்டூலில் வைத்து, பக்கத்தில் துவைத்த இன்னொரு துண்டையும் வைத்தார். மச்சான் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு இவர் எங்கே உட்காரப் போகிறார் என்று நாற்காலியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்போல இருக்கே மாப்ளே."

"இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல மச்சான், ருசி பாத்துப் பாத்து நாக்கு செத்துப்போச்சு. நீங்க ஆரம்பிங்க, கீழ லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது, நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

இந்தக் கட்டடத்தில் இவரைக் கேட்காமல் அந்த லிஃப்ட் இருமக்கூட இருமாது, அது மச்சானுக்கும் தெரியும். மச்சான் இவர் முகத்தைப் பார்த்து, "மெதுவா வாங்க" என்றார். லிஃப்ட்காரர் வெளியே வந்து கதவை முழுசாகச் சாத்தினார். கீழே போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார், நன்றாக, சத்தமாக, மூடியின் மேல் மூடியை இடித்து... அப்போதுதான் அது, யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்ட மாதிரி. அந்தக் கடை. அந்த மதியம். தெருவில் ஒரு காக்கைகூட இறங்காத வெயில், எதிர்க்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குவான், அந்த நேரத்தில் தினமும், தவறாமல், சரியாக இவர் டப்பாவைத் தொடும்போது எந்த ஆள் வந்தான்? வந்திருப்பானா? ஒருவேளை வந்திருக்கலாம், ஜூஸ் கடைதானே, வெயிலில்தானே வருவார்கள்... அல்லது யாருமே வராத தெருவைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரமும் முதுகைக் காட்டி நின்றாரா? இப்போது போய்க் கேட்கமுடியுமா? கேட்டால் பேச்சை எந்தப் பழத்துக்குள் திருப்புவார்? கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கிண்ணத்தில் கரண்டி பட்ட மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, கேட்டதா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியாது, கேட்க வேண்டும் என்று காது மட்டும் தவித்தது. லிஃப்ட்காரர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.