பேனா படக்கூடாத புத்தகங்கள்

எங்கள் கண்ணாடிக் கடையில் மத்தியானம் என்பது ஒரு தனி நாடு. தெருவில் வெயில் தூங்கும். ஒரு ஈ காக்கை உள்ளே வராது. கண் பரிசோதிக்கும் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருப்பேன். மாடியில் சாப்பாட்டு மேசையில் என் மனைவி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சத்தம் மரப்படி வழியாக இறங்கி வரும். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கும். எனக்கு வியாபாரம் தெரியாது என்று அவள் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

அந்த வாரம் பாடச் சத்தம் வரவில்லை. ஆங்கில இலக்கணத்துக்கு எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களாகத் தேடிப்போய்ப் புத்தகம் விற்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரை நாங்கள் புத்தகக்காரர் என்போம். அவர் மூன்று மாதிரிப் புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நிதானமாப் பாருங்க. பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. பேனா மட்டும் படக்கூடாது. பட்டுச்சுன்னா அது உங்க புத்தகம்," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பை நிறையப் புத்தகம் சுமப்பவர் அப்படிச் சிரித்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

பெரியவளுக்குப் பதினோரு வயது. ஒரு காலத்தில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும். பள்ளியில் அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை, எங்கெங்கே தப்பு வரும் என்று காட்டுவதற்காக ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவள், தப்பு வரவே முடியாத வாக்கியங்களை மட்டும்தான் எழுதுகிறாள். நாய் பெரியது. வானம் நீலம். இது என் வீடு. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு தப்பும் இல்லாத அந்த நோட்டைத் திறந்தால் நான் உடனே மூடிவிடுவேன்.

அதனால்தான் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டோம். வருடம் ஒன்று ஆகப்போகிறது. வானம் இன்னும் நீலமாகவேதான் இருந்தது.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒரு மாற்றமும் இல்லைன்னா திருப்பி அனுப்பிடலாங்க," என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். "நாம தப்பு பண்ணிட்டோமோ என்னவோ. நம்ம பிடிவாதத்துக்கு அவளைப் பலி கொடுக்க முடியாது."

பெரியவள் அப்போது படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அதன்பிறகு இன்னும் சின்ன வாக்கியங்களாக எழுத ஆரம்பித்தாள். சரியான புத்தகம் அமைந்தால் எல்லாம் மாறிவிடும் என்பது என் மனைவியின் கடைசி நம்பிக்கை. எனக்கு அதுகூட இல்லை. எனக்குப் பயம்தான் இருந்தது.

முதல் புத்தகத்துக்குச் சாம்பல் நிற அட்டை. விதி, உதாரணம், பயிற்சி, கடைசியில் விடைகள். என் மனைவிக்குப் பார்த்தவுடனே மனசு அதில் ஒட்டிக்கொண்டது. "விடை பின்னாடியே இருக்குங்க. எனக்கே சந்தேகம் வந்தாலும் சமாளிச்சுக்கலாம்," என்றாள்.

இரண்டாவதில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கரடி பல்லைக் காட்டிக்கொண்டு 'சபாஷ்' என்றது. கூடவே ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்கள். எங்கள் சின்னவனுக்கு ஏழு வயது. விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவன் பெயர் ரேடியோ. அவன் ஒரு கரடியை உரித்து முழங்காலில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். "பேனா படக்கூடாதுன்னுதானே சொன்னாரு?" என்று சட்டம் வேறு பேசினான். கரடியைத் திரும்ப அதன் இடத்தில் படுக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாவதில் படமே கிடையாது. அதை எழுதியவர் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளாக இருக்க வேண்டும். முதல் பாடத்தின் உதாரணத்தில் தொப்பி போட்ட மனிதர் ஒருவர் நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தார். நாலைந்து பக்கம் தள்ளி, அவர் குடை கொண்டுவரவில்லை என்று ஒரு வாக்கியம் வந்தது. இன்னொரு பாடத்தில் மழை பிடித்துக்கொண்டது. வேறொன்றில் பேருந்து வந்தது, ஆனால் அவர் ஏறவில்லை. அதற்குப் பிறகு புத்தகம் அவரைக் கைவிட்டுவிட்டு, ரொட்டிக்கடை, பூனை என்று வேறு விஷயங்களுக்குப் போய்விட்டது.

ஒரு மத்தியானம் பெரியவள் கடைக்குள் இறங்கி வந்தாள். விளையாட்டாக அவளைப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் மாட்டும் வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் ஏற்றினேன். ஒரு லென்ஸைப் போட்டேன், எடுத்தேன், வேறொன்றைப் போட்டேன்.

"இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா."

"சரி, மேல இருக்கற மூணு புத்தகத்துல?"

"மூணும் ஒண்ணுதான்ப்பா."

இந்தப் பதிலை நான் நன்றாக அறிவேன். என் நாற்காலியில் உட்காருகிற பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கண்ணைக் காட்ட வந்தவர்கள் பரீட்சை எழுத வந்ததுபோல் நடுங்குவார்கள். தப்பாகச் சொன்னால் நான் என்ன பிரம்பா எடுக்கப் போகிறேன்? அவர்களிடம் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அன்று என் மகளிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டத்தைக் கழற்றி, அவள் மூக்கில் பதிந்த தடத்தை விரலால் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ரேடியோ ஆரம்பித்தான். "அந்தத் தொப்பிக்காரரு ஏம்மா பஸ்ல ஏறல?"

"அது உதாரணம்டா. உதாரணத்துக்கெல்லாம் காரணம் கேக்கக்கூடாது. சாப்பிடு."

"பஸ்ஸுல இடம் இல்லையோ?"

"கண்ணு தெரியாம இருக்கும்," என்றேன் நான். "பஸ் நம்பரைப் படிக்க முடியலையோ என்னவோ. நம்ம கடைக்குக் கூட்டிட்டு வா, பார்த்துடலாம்."

"ஆமா, நனைஞ்சுக்கிட்டு நிக்கற ஆளுகிட்டயும் வியாபாரம்," என்றாள் என் மனைவி. அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

பெரியவள் சிரிக்கவில்லை. தம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே, "அவருக்குப் பயம்," என்றாள். நாங்கள் மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதன்பின் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். குழாய் சொட்டினால், அவர் தலையில்தான் சொட்டுகிறது என்றான் ரேடியோ. என் மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, "யாரு உள்ள, தொப்பிக்காரரா?" என்றாள். நான் கடையில் கண்ணயர்ந்தபோது அவர் நனைந்தபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நான் லென்ஸை மாற்றி மாற்றிப் போட, அவர் ரொம்ப மரியாதையாக, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரிலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் மழையாகிவிட்டன. விழித்தபோது வெளியில் ஒரு தூறல்கூட இல்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எதற்கோ கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

என் மனைவி சாம்பல் அட்டைதான் என்று முடிவு செய்தாள். நான் தொப்பிக்காரர் பக்கம் லேசாக இழுத்துப் பார்த்தேன். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "கனவு கண்டுக்கிட்டு இருந்தா பிள்ளை தேறாதுங்க. விடை தெரியணும்," என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. புத்தகக்காரரை வரச் சொன்னோம்.

அவர் வந்தபோது சாயங்காலம். கடையில் நின்றபடியே மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கரடிப் புத்தகம் தப்பித்தது. ரேடியோ பெருமூச்சு விட்டான். படமில்லாத புத்தகத்தில் அவர் விரல் நின்றது.

"என்னங்க இது?"

பயிற்சிக் கோடுகளின் மேலும், வரிகளுக்கு நடுவிலும், ஓரத்தில் மேல்நோக்கி ஏறியும், இடம் கிடைத்த பக்கமெல்லாம் நீல மையில் எழுதியிருந்தது. பெரியவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தவள்போல் நின்றாள்.

என் மனைவி புத்தகத்தை வாங்கினாள். கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் திருத்தும் பேனாவை அவள் கை தானாகத் தேடிப் போனது. வேண்டாம், வேண்டாம் என்று எனக்குள் கத்தினேன். பேனா வெளியே வந்தது, மூடியும் கழன்றது. அவள் படிக்க ஆரம்பித்தாள். முதலில் மனதுக்குள். பிறகு எங்களுக்குக் கேட்கும்படி, ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே, மெதுவாக.

தொப்பிக்காரர் ஒருமுறை தப்பான பேருந்தில் ஏறிவிட்டாராம். உள்ளே இருந்த எல்லாரும் சிரித்தார்களாம். அதனால் அதற்குப் பிறகு எந்தப் பேருந்திலும் ஏறாமல் காத்திருப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாராம். இன்றைக்கு மழை ரொம்பப் பெரியது. அவர் சட்டைப்பைக்குள் மீன் நீந்த ஆரம்பித்துவிட்டது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு வந்த பேருந்தில் ஏறிவிட்டார். அதுவும் தப்பான பேருந்துதான். அது ஊரை விட்டு வெளியே போய், மரங்களுக்கு நடுவில் போய், ஒரு கடலுக்கு முன்னால் போய் நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, இதுவரை இங்கே யாருமே வந்ததில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றார்.

அத்தனையும் ஒரே வாக்கியம். நிறுத்த இடமே இல்லாமல் ஓடியிருந்தாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவன், என்னுடையதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

புத்தகக்காரர் எட்டிப் பார்த்தார். "நிறையத் தப்பு இருக்கேங்க," என்றார் தயக்கத்தோடு.

"இருக்கு," என்றாள் என் மனைவி. பேனாவை மூடினாள். "இந்தப் புத்தகத்தை நாங்க எடுத்துக்கறோம். அந்தச் சாம்பல் அட்டையை நீங்க கொண்டுபோங்க."

"அப்ப விடை?"

"மெதுவாப் பார்த்துக்கலாம்."

அவர் பையைக் கட்டித் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் நின்றார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ இலக்கணம் விற்ற மனிதர், முகத்தில் உண்மையான கவலையோடு பெரியவளிடம் கேட்டார்: "ஏம்மா, அந்த ஆளு அங்கேருந்து எப்படித் திரும்பி வந்தாரு?"

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு படி இறங்கினாள்.

"வரலையே," என்றாள். "ஏன் வரணும்? அவருக்கு அங்கதான் பிடிச்சிருக்கு."

என் மனைவி பரிசோதனை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சரிம்மா," என்றாள். "அங்கயே இருக்கட்டும்."