வாரை அறுத்தவள்

என் புருஷன் உயிரோடு இருந்தபோதே அவன் வாரை அறுத்தவள் நான். யாரும் இதை எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் குளிர்காலம் தொடங்கியதுமே பனிமேல் மழை பெய்தது. ஒரே ராத்திரியில் அது இறுகிப் பாறையாகிவிட்டது. நாங்கள் மேய்க்கும் பனிமான்கள் குளம்பால் கொத்திக் கொத்திப் பார்த்தன. அடியில் பாசி கிடக்கிறது, வாய்க்குத்தான் எட்டவில்லை. குளம்பில் ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். பசி தாங்காமல் எங்கள் மந்தையில் நாற்பது மான் பிரிந்து வடக்கே ஓடிவிட்டது. அவற்றைத் தேடி என் புருஷன் ஹெர்யூ மான் இழுக்கும் சறுக்குவண்டியைக் கட்டினான்.

"உன் தம்பி காலை நீட்டிப் படுத்துக் கெடக்கான், நீ ஏன் போற?" என்றேன்.

"லாம்தோ போனா அவனைத் தேட இன்னொருத்தன் போகணும். அதுக்கு நானே போயிடறேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்த் தொலை என்று சொல்லிக் கூடாரத்தின் வாசல் தோலை இழுத்து மூடினேன்.

மூன்றாம் நாள் பனிப்புயல் அடித்தது. அது ஓய்ந்த பிறகும் அவன் வரவில்லை.

காணாமல் போனவனின் கூடாரத்தை எங்கள் ஜனங்கள் பிரிக்க மாட்டார்கள். அவன் திரும்பி வந்தால் அடுப்பு விட்ட இடத்தில் எரிய வேண்டும். ஒரு கூடாரம் நின்றால் எங்கள் ஆறு கூடாரமும் நிற்கும். கிளம்ப வேண்டும் என்றால் ஒரே வழி, அவன் செத்துவிட்டான் என்று பெண்டாட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் வாய்ப்பேச்சு போதாது. கூடாரத்தின் நடுக்கம்பில் தொங்கும் அவனுடைய வண்டித் தோல்வாரை எல்லார் முன்னாலும் தன் கையால் அறுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது. அவன் மான்கள் தம்பிக்குப் போய்விடும்.

தினமும் விடிந்தால் ஏழெட்டு மான் விறைத்துக் கிடந்தது. தினமும் என் வாசலில் கூட்டம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஹெர்யூவின் பெரியப்பா ஒகோத்தே. அவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

"மருமவளே, தெக்கே மழை விழாத எடம் இருக்கு. ரெண்டு நாள் பயணம். இன்னும் அஞ்சு நாள் இங்க நின்னா வண்டி இழுக்கக்கூட மான் இருக்காது."

"இன்னும் ஒரு நாள் பாப்போம் பெரிய மாமா."

"நேத்தும் இதைத்தான சொன்ன?"

அவர் மனைவி சாவ்னே நேராகவே கேட்டாள். "ஒன் ஒருத்தி புருஷனுக்காக எங்க புள்ளைங்கல்லாம் பட்டினி கெடக்கணுமா?"

லாம்தோ மட்டும் அழுதான். "எங்கூடப் பொறந்தவன் அண்ணி, எனக்கு வலிக்காதா? ஆனா மானுங்க கண்ணைப் பாக்க முடியல."

அவன் போன ஒன்பதாம் நாள் அறுத்தேன். மான்களுக்காக அறுத்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவன் மேலும் ஆத்திரம்: என் பேச்சைக் கேட்காமல் போனான் அல்லவா, படட்டும் என்று. கத்தி மொண்ணையாக இருந்தது. நாலு இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் நிறுத்தியிருக்கலாம்.

கூடாரத்தை மடித்துக் கட்டும் முன்பே லாம்தோ எங்கள் மான்களின் காதில் தன் அடையாளத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டான். அந்தச் சோம்பேறிக்கு அன்றைக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு.

தெற்கே வந்து பதினோராம் நாள் நண்பகலில் ஹெர்யூ வந்தான். நாய்கள்தான் முதலில் ஓடின. அவனுக்குப் பின்னால் இருபத்தாறு மான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். இறைச்சி அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள்.

"என்னடா இது, மானைக் கொண்டாந்தவனுக்கு முதுகைக் காட்றீங்க? லாம்தோ, டேய், ஒனக்கும் காது கேக்கலையா?"

யாரும் திரும்பவில்லை. அவன் கூடாரத்துக்குள் வந்தான். நடுக்கம்பைப் பார்த்தான். அங்கே வார் இல்லை. யார் அறுத்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பெண்டாட்டியைத் தவிர யார் கை வைப்பார்கள்?

"எத்தனாவது நாள்?" என்று மட்டும் கேட்டான்.

"ஒம்பது."

"நல்லா காத்திருந்த" என்றான். அதற்குப் பதில் அவன் என்னை அடித்திருக்கலாம்.

நான் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். "இவன் ஹெர்யூ! பேரைச் சொல்லிட்டேன், என்ன செய்வீங்க? திரும்பிப் பாருங்க!" என்று கத்தினேன்.

ஒகோத்தே அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார். "செத்தான்னு சொன்னது நாங்களா மருமவளே? நீதான சொன்ன. செத்தவன் மந்தைக்குள்ள நடந்தா மந்தை நாசமாப் போயிடும். ஆத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லு. இல்லன்னா திரும்பப் பொறக்கட்டும். வாரை அறுத்தவ வயித்துலதான் பொறக்கணும், அதான் மொறை. அப்புறம் அவன் ஒனக்குப் புள்ள."

"இவன் எம் புருஷன்!"

"புருஷன்தான் போயிட்டானே."

லாம்தோ அப்போதும் திரும்பவில்லை. அப்படியே நின்றபடி சொன்னான். "சித்தப்பன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல அண்ணி, பொறந்த புள்ளைக்கு ஒரு கன்னு குடுக்காமயா போயிடுவேன்?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இருபத்தாறு மானையும் அதற்குள் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள், லாம்தோவின் காதடையாளம் போட.

"வா, ரெண்டு பேரும் ஆத்தைத் தாண்டிப் போயிடலாம்" என்று ஹெர்யூவிடம் கெஞ்சினேன்.

அவன் காலுறையைக் கழற்றிக் காட்டினான். மூன்று விரல் பனியில் விறைத்துக் கருத்துப் போயிருந்தது. "இந்தக் காலை வச்சிக்கிட்டா? இழுக்க ஒரு மான்கூட நம்மளது இல்ல. பொறந்துட்டுப் போறேன், விடு."

எல்லார் முன்னாலும் நான் கால்களை அகட்டி நின்றேன். என்னைவிட ஒரு தலை உயரமானவன் மண்டியிட்டு, என் நீளத் தோலங்கிக்குள் பின்பக்கமாக நுழைந்து முன்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான். தாடி முழுக்கப் பனி ஒட்டியிருந்தது. அவன் மூச்சின் சூடு என் தொடையில் பட்டது. அவன் என்னைத் தொட்டது அதுதான் கடைசி.

"அழணும், அழுதாத்தான் உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்றாள் சாவ்னே.

அவன் அழவில்லை. தரையிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் அழுதேன்.

கோபத்தில் சொல்கிறான், கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். நான்கு குளிர்காலம் போய்விட்டது. கூடாரத்தில் பிள்ளைகள் படுக்கும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். பிறந்த பிள்ளைக்குச் சித்தப்பன் கன்று தந்தால்தான் பெயர் வைப்பார்கள்; லாம்தோ கன்று எதுவும் தரவில்லை, அதனால் பெயரும் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் மந்தையோடு போனபிறகு, நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் சமயம் பார்த்து, "ஹெர்யூ" என்று மெதுவாகக் கூப்பிடுவேன். அவனுக்கு நன்றாகக் கேட்கும். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "பசிக்குது அம்மா" என்பான்.