பூஜ்ஜியத்தைத் தொடாத கோடு

பெமிலாவுக்கு இது இரண்டாவது முறை. போன வருடம் இதே இயற்பியல் செய்முறைத் தேர்வில், தோழி ஜெஸ்பின் கொடுத்த எண்களை எழுதிவிட்டு, கேள்வி கேட்டதும் கோட்டை விட்டாள். இன்றும் போனால் டிகிரி கிடையாது, சொல்லி வைத்திருக்கும் பி.எட். சீட்டும் கிடையாது. கோட்டாற்றுப் பக்கத்து அந்தக் கல்லூரி லேபில் மின்விசிறிக்குக் கீழே நின்றும் வேர்த்துக் கொட்டியது.

சீட்டுக் குலுக்கியதில் ஆறு பேருக்கு விழுந்த சோதனை அது. கருவி ஒன்றுதான், முறை வைத்துச் செய்ய வேண்டும். பெரிய சிரிஞ்ச், அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய், முனையில் அழுத்தமானி. சிரிஞ்சை அமுக்கினால் காற்று சுருங்கும், முள் ஏறும். கன அளவையும் அழுத்தத்தின் தலைகீழியையும் வரைந்தால் நேர்கோடு வந்து பூஜ்ஜியத்தில் முடியும். சீனியர் ரெக்கார்டில் அப்படித்தான் முடிந்திருந்தது. ஏழு வருடமாகக் கைமாறி வரும் அந்த ரெக்கார்டுக்கு வேதப்புத்தகத்தின் மரியாதை. மற்ற ஐந்து பேரும் கருவி முன்னால் நின்று, முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ரெக்கார்டில் மனப்பாடம் செய்ததை எழுதினார்கள்.

பெமிலா நிஜமாகவே அமுக்கினாள், அளந்தாள், புள்ளி வைத்தாள். கோடு நேராகத்தான் வந்தது. ஆனால் பூஜ்ஜியத்தைத் தொடாமல் நாலு மில்லிலிட்டர் கீழே போய் அச்சை வெட்டியது. மறுபடி செய்தாள். மறுபடியும் நாலு.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா? அழிச்சிட்டு ரெக்கார்டுல உள்ளத எழுது,” என்று தன் அழிரப்பரைத் தள்ளினாள் ஜெஸ்பின். அவளும் போன வருடம் கூடவே தோற்றவள்தான். பட்டும் புத்தி வரவில்லை.

இன்னும் பத்து நிமிடம். பெமிலா அழிரப்பரைத் தாளில் வைக்கவும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சுந்தர்சிங் பக்கத்தில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“எல்லாருக்கும் பூஜ்ஜியத்துல முடியுது. ஒனக்கு மட்டும் என்னம்மா, பள்ளத்துல விழுது?”

பெமிலாவின் கண் சிரிஞ்சிலிருந்து குழாய்க்குப் போனது. போன மாதம்வரை அந்தக் குழாயே இல்லை. அழுத்தமானியின் திருகு உடைந்ததால் இடையில் செருகியது.

“சார்... சிரிஞ்சு அளவு சிரிஞ்சுல உள்ள காத்துக்கு மட்டுந்தான். இந்தக் குழாய்க்குள்ள உள்ள காத்தும் சேந்துதான் அமுங்குது. அத நான் கணக்குல எடுக்கல்ல. அந்த நாலு மில்லிதான் சார் இது.”

அவர் குழாயைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் நிரப்பி அளவு ஜாடியில் ஊற்றினார். தண்ணீர் நாலைத் தொட்டு நின்றது.

சுந்தர்சிங் அவள் தாளில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பெமிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் மற்ற ஐந்து தாள்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்து கோடும் பூஜ்ஜியத்தில் முடிந்தன.

“அப்போ இந்த அஞ்சு பேரும் குழாய் இல்லாமலா அமுக்கினாவ?”

அவளிடம்தான் கேட்டார். ஜெஸ்பின் பக்கம் திரும்பிப் பார்க்கப் பெமிலாவுக்குத் தைரியம் வரவில்லை. ஜெஸ்பினின் அழிரப்பர் இன்னும் பெமிலாவின் கைக்குள்தான் இருந்தது.