பழுப்புத் தண்டு

தனக்கொடிக்குச் செடி கொடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது ஒன்றுதான் அவளிடம் குறை, மற்றபடி தங்கமான பொம்பளை. அப்பன் வீட்டில், தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம், அரைக் காணி குண்டுமல்லி இருந்தது. கார்த்திகை பிறந்தால் போதும், செடியைக் கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டி முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். காய்ந்தது, பட்டை தடித்தது என்று எதுவும் மிஞ்சாது. பங்குனியில் பூ கொட்டும். செடி என்றாலே அப்படித்தான் என்று அவள் மனதில் பதிந்துபோயிற்று. கலியாணமாகி, புருஷன் சாமிக்கண்ணு வேலை பார்த்த மில்லும் மூடி, கருவடிக்குப்பத்தில் தேவதாஸ் ஐயா வீட்டுத் தோட்ட வேலைக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை.

தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டையரான மனுஷன். ஊர்க்காரர்களுக்கு அவர் சொல்தா, பட்டாளத்துக்காரர். சொல்தா வீடு எது என்று கேட்டால் தெருவில் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பெண்சாதி பிரான்சிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் நிர்மலாதேவி, பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் தன் இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள், இவர் கலியாணத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பதினோரு வருஷம் அப்பனும் மகளும் பேசாமல் கிடந்தார்கள்! வீம்புக்கு அந்தக் குடும்பத்தில் பஞ்சமே இல்லை.

கொல்லையில் நிழல்வலைக்குக் கீழே அவர் மட்டுமே தொடுகிற ஒரு செடி இருந்தது. கொடைக்கானலில் இருந்து சினேகிதர் ஒருத்தர் வேரோடு கொண்டுவந்து கொடுத்த ராஸ்பெரி, சிவப்பாகச் சின்னப் பழம் பழுக்கும். அவர் அதைப் பிரெஞ்சில் ஃப்ராம்புவாஸ் என்பார். தனக்கொடி வாயில் அது நுழையாது, முள்ளுச்செடி என்பாள். நாலு கன்றில் ரெண்டு வெயிலில் கருகிப்போயின. மிச்சம் ரெண்டுக்கு அவர் செய்த சேவகம் இருக்கிறதே, அப்பப்பா! வேருக்குச் சூடு ஏறக் கூடாதென்று கரும்புச் சோகையைப் பரப்புவார். விடியக்காலையில் தானே தண்ணீர் ஊற்றுவார். கம்பி இழுத்து ஒவ்வொரு தண்டையும் துணியால் தளர்வாகக் கட்டுவார்.

"இதுல என்னாத்தங்க கண்டீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பிரான்சுல எங்க வீட்டுக்குப் பின்னால இந்தச் செடி ஒரு புதரா இருந்திச்சு. பாப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும். காணமேன்னு தேடுவோம், பழத்தத் தின்னு வாயெல்லாம் செவப்பா வந்து நிப்பா" என்றார். அந்த மனுஷன் மகளைப் பற்றி அவளிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ரெண்டாயிரத்து ஏழு தீபாவளிக்கு மகளே போன் போட்டாள். மார்ச்சில் வருகிறேன் என்றாள். ஐயா ரிசீவரை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போய்ச் செடிக்கு முன்னால் நின்றார். அந்த வருஷம் முளைத்து ஆளுயரம் போயிருந்த ஆறு தண்டுகளையும் எண்ணினார். "மார்ச்சுக்குச் சரியா பழுத்துடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிழவருக்கு அன்றைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

கார்த்திகையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் படுத்திருந்தார். சாமிக்கண்ணுதான் கஞ்சி கொண்டுபோனான். வீடும் தோட்டமும் தனக்கொடி பொறுப்பு.

அவள் சும்மா இருந்திருக்கலாம். தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஆறு தண்டும் இலை உதிர்ந்து, பட்டை பழுப்பேறி, சுள்ளியாட்டம் நின்றன. அடியில் புதுசாகப் பச்சைத் தளிர்கள் கிளம்பியிருந்தன. ஐயோ பாவம், படுத்த நேரத்தில் கவனிக்க ஆளில்லை, ஐயா வந்து பார்த்தால் மனசு விட்டுப்போகுமே என்று அவளுக்குப் பதைத்தது. பழுப்புத் தண்டு ஆறையும் தரையோடு தரையாக வெட்டினாள். பச்சைத் தளிரை மட்டும் பத்திரமாக விட்டாள். நாலு கூடை எருவும் போட்டாள். கை முழுக்க முள் கீறி ரத்தம் வந்தது. அத்தனை ஆசையாகச் செய்தாள்.

ஐயா ஆட்டோவில் வந்து இறங்கியதும் அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "பாத்தீங்களா, எப்படித் தளதளன்னு வருது!"

அவர் பார்த்தார். அப்படியே சோகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டினது எங்க?"

"அடுப்புக்குப் போட்டுட்டேங்க. காஞ்சது தானே."

"காயல, தனக்கொடி." குரலே எழும்பவில்லை. "இந்தச் செடிக்கு ஒரு வருஷம் தண்டு வளரும், மறு வருஷந்தான் அதுல காய்க்கும். காய்ச்சி முடிஞ்ச தண்டத்தான் வெட்டணும். நீ காய்க்கப் போறத வெட்டிட்டு, வளரப் போறத விட்டு வச்சிருக்க."

"அப்ப இந்தப் பச்சையில...?"

"வர்ற மார்ச்சு இல்ல, அதுக்கடுத்த மார்ச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பாள்.

மறுநாள் சாயந்திரம் அவர் பிரான்சுக்குப் போன் போட்டார். தனக்கொடி கூடம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வர்ற மார்ச்சுல வராத, பாப்பா. அதுக்கடுத்த மார்ச்சுல வா." அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வந்தாள் போலிருக்கிறது. "ஒரு வருஷம் கழிச்சி வா, சொல்றேன்ல." வைத்துவிட்டார்.

தனக்கொடி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "பழம் இல்லன்னா என்னாங்க? பொண்ணு வரட்டுங்க! எம்மேல கோவத்த வச்சிக்கிட்டு அதப் போயி..."

"உனக்குத் தெரியாது. வெறுங்கையோட அவ முன்னால எப்படி நிப்பேன்?" என்றார்.

செடியை வெட்டியவள் தானே, அதற்கு மேல் என்ன வாய் இருக்கிறது என்று தனக்கொடி அடங்கிவிட்டாள். மகள் மறுபடி போன் போடவில்லை. இவரும் போடவில்லை. போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எடுத்து ஒரு வார்த்தை கூப்பிட்டுத் தொலைக்கக் கூடாதா! மாட்டார். அடுத்த மார்ச்சு, அடுத்த மார்ச்சு என்று பச்சைத் தண்டுகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். தனக்கொடி அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் ஒரு காலை, நாற்காலியிலேயே அவர் உயிர் போயிருந்தது.

நிர்மலாதேவி வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை, அப்பன் ஜாடை அப்படியே. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் சொந்தபந்தம் எல்லாம் கலைந்த பிறகு, சமையல்கட்டில் தனக்கொடிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க. ஒண்ணு கேக்கணும். எங்கப்பா ஏன் என்னை வரவேணாம்னு சொன்னாரு?"

தனக்கொடி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம் கழிச்சி நான்தான் எறங்கி வந்தேன். டிக்கெட்டும் போட்டுட்டேன். ஒடம்பு சரியில்லன்னு கூட சொல்லல, வராதன்னுட்டாரு. அப்ப என்னை இன்னும் மன்னிக்கலன்னு தானே அர்த்தம்?"

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சாமிக்கண்ணுவிடம் கூட அவள் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டே விமானம் ஏறிப்போவாளே என்று நினைத்தபோது அவளால் மறைக்க முடியவில்லை.

"கோவமெல்லாம் இல்லம்மா. நான் செஞ்ச பாவம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு தண்டையும் சொன்னாள், அடுப்பில் போட்டதையும் சொன்னாள். சிவந்த வாயோடு வந்து நின்ற ஆறு வயசுப் பிள்ளையைச் சொன்னபோது நிர்மலாதேவி சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னை அடிச்சிடும்மா. நான் வெட்டாம இருந்திருந்தா நீ வந்திருப்ப. ஐயா உன்னப் பாத்துட்டுப் போயிருப்பாரு."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"பழமா கேட்டேன் நானு?" என்றாள் நிர்மலாதேவி. "அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா. செடி வீணாப் போச்சின்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டு வந்திருப்பேனே."

"அவருக்குச் சொல்ல வரலம்மா. உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டாரு."

"எனக்கு மட்டும் கேக்க வந்திச்சா?" அவள் குரல் உடைந்தது. "ஏம்ப்பா வேணாங்கறீங்கன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேக்கலியே. போன வச்சிட்டு ஒரு வருஷம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்துட்டேன். நீங்க வெட்டினது வெறும் தண்டுதானேக்கா."

அப்புறம்தான் அழுதாள். மூன்று நாளாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் பீறிட்டு, அப்பா அப்பா என்று சமையல்கட்டுத் தரையில் புரண்டு அழுதாள். தனக்கொடி அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூடவே அழுதாள்.