பின்பாரம்

பாண்டியம்மாளுக்கு இருபத்தாறு வயதாகியும் ஊரென்பது முழங்கால் உயரம்தான். இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து தரையே கதி. வாசல் வழியாகப் பார்த்தால் வேட்டி போகும், சேலை போகும், முகம் தெரியாது. கமுதிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த அண்ணன் ராமர், மூட்டையோடு மூட்டையாக அவளையும் தூக்கி வந்திருந்தான். காலை எட்டு மணிக்கு அவனும் மதினியும் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், அந்த ஒற்றை அறையில் அவளும் சுவரும்தான்.

வேலை இருந்தது. தைத்த பனியனில் தொங்கும் பிசிறு நூலைக் கத்தரிக்க வேண்டும். சுவரில் சாய்ந்தே செய்வாள். சாயாவிட்டால் உடம்பு சரிந்துவிடும். பேச்சுக்குத்தான் ஆளில்லை. சில நாள் தன் குரலே மறந்துபோகுமோ என்று பயந்து, கத்தரியோடு பேசியிருக்கிறாள்.

பனியன் மூட்டைகளைக் கொண்டுவருவது குதிரை வண்டிக்காரர் சேக் தாவூது. ஒரு நாள் வலது கையில் பெரிய கட்டோடு வந்து, இடது கையால் மூட்டையை உருட்டித் தள்ளினார்.

"பனியன் பேல் கட்டு சரிஞ்சு மணிக்கட்டு முறிஞ்சிருச்சு கண்ணு. ஒன்றரை மாசம் ஆவுமாம். குதிரையைப் புடிக்க ஒருத்தன் வரமாட்டேங்கறான். அத்தனை பேரும் கம்பெனிக்கே ஓடறானுங்க."

"கடிவாளம் பிடிக்கக் கால் வேணுமா பாய்?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! கேட்டவளே திகைத்துப்போனாள்.

ராமர் குதித்தான். "விழுந்து தொலைச்சா யாரு பாக்குறது?" மதினிதான் மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் அவளைத் தூக்கி வண்டியில் பாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சேலைத் துணியால் இடுப்பை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

முதல் வாரம் உயிர் போயிற்று. வெள்ளச்சி என்ற அந்தக் குதிரை எட்டு வைக்கும்போதெல்லாம் இடுப்பு இடமும் வலமும் ஆடியது. ராத்திரி முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மூன்றாம் வாரம் மதினி இடுப்புக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பாண்டியம்மாள் சாயவில்லை. சுவரும் இல்லை, கையூன்றவும் இல்லை. இரண்டு கையிலும் கடிவாளம்!

அதைவிடப் பெரிய சங்கதி, முகங்கள். அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அம்மிணி, இன்னிக்கு நேரமாயிருச்சுங்களா?" என்றார். அதற்குப் போய் யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

பாயின் கைக்கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. மறுநாள் தலைசீவிப் பூவைத்துக் காத்திருந்தாள். வண்டி வரவில்லை. அதற்கும் மறுநாள் வரவில்லை. கை கூடிவிட்டது, இனி நான் எதற்கு? மறுபடி வாசலில் வேட்டியும் சேலையும் போயின. பழைய தனிமையைத் தாங்கியிருந்தாள், இது தாங்கவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. சேக் தாவூதே ஓட்டி வந்தார். மூட்டை இறக்க அவர் கீழே குதித்ததுதான் தாமதம், வண்டி பின்பக்கம் சாய்ந்து, முன்னால் நுகக்கால் மேலே எழும்பியது. வெள்ளச்சி மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது.

"யா அல்லா!" என்று நுகக்காலில் தொங்கி அழுத்தியவர், தன்னையே திட்டிக்கொண்டார். "புத்தியப் பாரு! நீ முன்னால உக்காந்திருக்கற நெனப்புலயே பாரத்தைப் பின்னால ஏத்தித் தொலைச்சிருக்கறேன். வழியெல்லாம் ஒரே பின்பாரம்."

ஒரு மூட்டையை இழுத்து முன்னால், அவள் உட்காரும் இடத்தில் வைத்தார். வண்டி சமமானது.

"அந்த மூட்டை எம்புட்டு எடை பாய்?"

"முப்பத்தஞ்சு கிலோ இருக்கும் கண்ணு."

"நானும் அம்புட்டுத்தேன். அதை எறக்குங்க, நான் ஏறுறேன்."

அவர் தயங்கினார். "கைதான் கூடிப்போச்சே. இனி உன்னை எதுக்குச் சிரமப்படுத்தறதுன்னு..."

"ஒங்க கை கூடிருச்சு. என் இடுப்பு இப்பத்தேன் கூடி வருது."

சேக் தாவூது மூட்டையை இறக்கி அறைக்குள் வைத்துவிட்டு, கூடிய கையும் மறு கையுமாக அவளைத் தூக்கினார். அவள் கடிவாளத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவள் சாய்ந்திருந்த சுவரில் அந்த மூட்டை சாய்ந்திருந்தது.